கண்ணாடியை யாரிடம் வாங்குவது? ஒரு 700 வருடக் கதை

எங்கள் வீட்டு மேசை லாச்சிக்குள் ஒரு மூக்குக்கண்ணாடி கிடக்கிறது. பிரேம் நல்ல பிரேம். வில்லையில் ஒரு கீறல் கூட இல்லை. அப்பா அதைப் போட்டது மொத்தம் ஐந்து கிழமைதான். இணையத்தில் தெரிவுசெய்து வாங்கிக் கொடுத்தவன் நான்.

தம்பிமார், தங்கச்சிமார், இந்த முறை அந்தக் கண்ணாடியை வைத்துத்தான் வரலாறு சொல்லப்போகிறேன். கடையில் வாங்குவது பழைய முறை, வீட்டுக்கு வரவழைப்பது புதிய முறை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தேடிப் படித்தபோது கதை தலைகீழாக இருந்தது. கண்ணாடி பல நூறு வருடமாக வீட்டு வாசலுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. கடைதான் பிறகு வந்தது. ஏன் வந்தது என்று எனக்கு விளங்குவதற்கு அப்பா ஒருமுறை படியில் தடுக்கி விழப் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது எபினே-சூர்-செய்னில். அப்பா பாரிஸ் உணவகச் சமையலறைகளில் 30 வருடம் வேலை செய்தவர். 45 வயதில் அவருக்கு வெள்ளெழுத்து வந்தது. தூரத்தில் உள்ளது தெரியும், கிட்ட உள்ள எழுத்து மங்கும். அதற்குத்தான் தமிழில் அந்தப் பெயர். அப்போது அவர் ஒப்டிசியனிடம் போகவில்லை. லாச்சப்பலில் சாமான் வாங்கப் போன ஒரு சனிக்கிழமை, மெற்றோப் பாலத்துக்குக் கீழே நடக்கும் பார்பெஸ் சந்தையில், ஒரு தட்டில் குவிந்து கிடந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்த ஓடர் துண்டு எந்தக் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்ததோ, அதை வாங்கினார். 5 யூரோ.

பிறகு தூரமும் மங்கத் தொடங்கியது. கண் டொக்டர் ஓர்டொனான்ஸ் எழுதிக் கொடுத்தார். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே வில்லை, அதாவது புரோகிரெசிவ். நான் தகவல் தொழில்நுட்ப ஆலோசகர். பொறியியலில் மாஸ்டர்ஸ் படித்தவன். சப்பாத்து முதல் சமையல் பாத்திரம் வரை இணையத்தில்தான் வாங்குகிறேன். "கடைக்கு ஏனப்பா? நான் பத்து நிமிசத்தில எடுத்துத் தாறன்" என்றேன். அப்பாவின் நெற்றியில் வங்கி அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பினேன். கணினி அளவெடுத்தது. பத்து நாளில் பெட்டி வந்தது.

அதற்குப் பிறகு அப்பா தலையைக் குனிந்துகொண்டு நடக்கத் தொடங்கினார். அவருக்கு வயது போய்விட்டது என்று நான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தா. ஐந்தாவது கிழமை, எபினே-வில்தனூஸ் ரெயில் நிலையப் படியில் இறங்கும்போது கால் வழுக்கியது. பக்கத்தில் வந்த ஒரு பெடியன் கையைப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார். "படி எல்லாம் புகை மாதிரித் தெரியுது தம்பி. பழகினாச் சரிவரும் எண்டு நினைச்சன். நீ காசு குடுத்து வாங்கினது" என்றார்.

அது பழகினால் சரிவருகிற விசயம் அல்ல. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். இப்போது 700 வருடம் பின்னால் போவோம்.

கொங்கு நாட்டுக் கல்லின் பெயர்

பிரெஞ்சில் கண்ணாடிக்கு லுனெத் என்று பெயர். லுன் என்றால் நிலா. லுனெத் என்றால் குட்டி நிலா. வட்ட வில்லைக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் அதற்கு முன் இங்கே புழங்கிய சொல் பெசிக்ள். ஜேர்மன் மொழியில் கண்ணாடிக்கு இன்றைக்கும் பிரில்ல என்றுதான் பெயர். இரண்டும் பெரில் என்ற கல்லின் பெயரிலிருந்து வந்தவை. தெளிந்த பளிங்குக் கற்களை எல்லாம் நடுக்கால ஐரோப்பாவில் பெரில் என்று சொன்னார்கள்.

அந்தப் பெயர் ஐரோப்பாவுக்கு எங்கிருந்து போனது? கிரேக்கத்தில் பெரில்லோஸ். அதற்கு முன் பிராகிருதத்தில் வெருளிய. அதன் வேர் திராவிட மொழியில் இருக்கிறது என்று மொழியறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் இன்றைய திருப்பூர் மாவட்டத்துப் படியூர், பழங்காலத்தில் பெரில் கல் எடுத்த இடம். நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இந்தக் கல்லால் மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் கிடைத்தன. உரோமாபுரிக்கு இந்தியாவிலிருந்து பெரில் வருவதை முதலாம் நூற்றாண்டில் பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

இதை வைத்து "கண்ணாடியைக் கண்டுபிடித்தது தமிழன்" என்று யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். போனது கல்லும் அதன் பெயரும்தான். மூக்கில் வைக்கும் கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் பிறந்தது. 1306இல் பிளாரன்ஸில் ஜோர்தானோ என்ற துறவி, இந்தக் கலை தோன்றி இன்னும் 20 வருடம் ஆகவில்லை என்று தன் பிரசங்கத்தில் சொன்னார்.

கண்ணாடி பிறந்த உடனேயே ஏமாற்றும் பிறந்துவிட்டது. 1300இல் வெனிஸ் நகரப் பளிங்குத் தொழிலாளர் சங்கம், சாதாரணக் கண்ணாடியைப் பளிங்கு என்று சொல்லி விற்கக் கூடாது என்று விதி போட்டது. அந்த விதியில் கண்ணுக்கான வில்லைகளும் சொல்லப்பட்டிருந்தன. வாங்குபவருக்குத் தரம் தெரியாது, விற்பவருக்குத் தெரியும். இந்த வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

தட்டில் கண்ணாடி விற்றவர்கள்

அடுத்த 500 வருடம் ஐரோப்பாவில் சாதாரண மக்களுக்குக் கண்ணாடி கொண்டு வந்தவர்கள் தெருவியாபாரிகள். கழுத்தில் வார் மாட்டி, வயிற்றுக்கு முன்னால் ஒரு தட்டு. அதில் ஊசி, நூல், சீப்பு, கண்ணாடி. வாசலில் வந்து நிற்பார்கள். வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எழுத்துத் தெரிகிற ஒன்றை எடுத்துக்கொள்வார். பார்பெஸ் சந்தையில் அப்பா செய்தது அதேதான்.

ரெம்பிராண்ட் 18 வயதளவில், 1624 வாக்கில், ஒரு கண்ணாடி வியாபாரியை வரைந்திருக்கிறார். படம் நெதர்லாந்தில் லைடன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐம்புலன்களை வரைந்த வரிசையில் பார்வைக்கு உரிய படம் அது. ஆனால் அதில் ஒரு கிண்டல் இருக்கிறது. அன்றைய டச்சு மொழியில் "ஒருவனுக்குக் கண்ணாடி விற்பது" என்றால் அவனை ஏமாற்றுவது என்று அர்த்தம். நான் முதலில் சொன்ன "லாச்சி" டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தில் விட்டுப்போன சொல். அந்தப் பழமொழியையும் விட்டுப்போயிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

எல்லா வியாபாரியும் கள்ளர் அல்ல. அவர்கள் இல்லாவிட்டால் கிராமத்தில் வயதான தையல்காரருக்கும் பாதிரியாருக்கும் கண்ணாடியே கிடைத்திருக்காது. குறை என்னவென்றால், தட்டில் இருப்பதில் ஒன்றைத்தான் எடுக்கலாம். கண்ணை அளப்பவர் யாரும் இல்லை.

முகத்தைப் பார்த்து மொழி புரிந்தவர்

அளவு எவ்வளவு முக்கியம் என்பதைப் பாரிஸில் இருந்த ஒரு வெளிநாட்டவர் நன்றாகச் சொன்னார். பெஞ்சமின் பிராங்க்ளின், அமெரிக்காவின் தூதராக இங்கே வந்தவர். இன்று பாரிஸின் 16ஆம் வட்டாரத்தில் இருக்கும் பாசி அப்போது ஒரு கிராமம். 1777 முதல் 1785 வரை அங்கே குடியிருந்தார். தூரத்துக்கு ஒன்று, வாசிக்க ஒன்று என்று இரண்டு கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துப்போய், இரண்டையும் பாதியாக வெட்டி, மேலே தூரத்து வில்லை, கீழே கிட்டத்து வில்லை என்று ஒரே பிரேமில் வைக்கச் செய்தார்.

1785 மே மாதம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அதன் பயனைச் சொல்கிறார். விருந்து மேசையில் தட்டில் இருப்பதும் தெரிகிறது, எதிரே இருப்பவரின் முகமும் தெரிகிறது. காதுக்குப் பழகாத மொழியில் ஒருவர் பேசும்போது அவர் முகம் அசைவதைப் பார்த்தால் பேச்சு விளங்குகிறது. அதனால் கண்ணாடி போட்டபின் தனக்குப் பிரெஞ்சு கூடுதலாக விளங்குகிறது என்கிறார்.

இதை வாசித்ததும் நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். எங்கள் அப்பாவும் அப்படித்தான். பிரெபெக்ச்சரில், வங்கியில், டொக்டரிடம், அவர் பேசுபவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய பிரெஞ்சில் பாதி காதால் வருவது, பாதி கண்ணால் வருவது. தலையைக் குனிந்துகொண்டு இருக்கிற மனிதருக்கு அந்தப் பாதியும் போய்விடும்.

ஆணிக்கொல்லரும் ஒளித்த பெயரும்

பிரெஞ்சுக் கண்ணாடித் தொழில் சுவிஸ் எல்லையில் உள்ள ஜூரா மலையில் வளர்ந்தது. 1796இல் மொரேஸ் ஊருக்குப் பக்கத்தில் பியேர்-இயசாந்த் காசோ என்ற ஆணிக்கொல்லர், ஆணி செய்யும் இரும்புக் கம்பியை வளைத்துக் கண்ணாடிப் பிரேம் செய்தார். குளிர்காலத்தில் பனியில் முடங்கும் விவசாயக் குடும்பங்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை அது. அடுத்த நூற்றாண்டில் மொரேஸ் பிரான்ஸின் கண்ணாடித் தலைநகரம் ஆனது. இன்று அங்கே ஒரு கண்ணாடி அருங்காட்சியகம் இருக்கிறது.

பிரேம் மலிவானது. அடுத்து கண்ணை அளக்க ஓர் அலகு வேண்டும். 1872இல் பெர்டினான்ட் மொனொயே என்ற பிரெஞ்சுக் கண் மருத்துவர் டயப்ரர் என்ற அலகை முன்வைத்தார். வில்லை ஒளியைக் குவிக்கும் தூரத்தை மீற்றரில் எடுத்து, 1ஐ அதனால் வகுத்தால் டயப்ரர். அரை மீற்றரில் குவித்தால் 2 டயப்ரர். உங்கள் ஓர்டொனான்ஸில் இருக்கும் +1,50 அல்லது -2,25 என்ற எண்கள் இவைதான்.

பிரான்ஸில் கண் டொக்டரின் சுவரில் இருக்கும் எழுத்துப் பலகை ஒன்றும் மொனொயே செய்தது. அடுத்தமுறை பார்த்தால், கடைசி வரியை விட்டுவிட்டு, இரண்டு ஓரத்து எழுத்துகளையும் கீழிருந்து மேலே வாசியுங்கள். ஒரு பக்கம் அவர் முதற்பெயர், மறுபக்கம் குடும்பப் பெயர்.

சட்டம் வாசலை மூடியது

அளக்கத் தெரிந்தபின், அளக்காமல் விற்பதை ஏன் விடவேண்டும் என்ற கேள்வி வந்தது. 1944 ஜூன் 5, நோர்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்குவதற்கு முதல்நாள், பிரான்ஸில் ஒப்டிசியன் தொழிலுக்கு ஒரு சட்டம் வந்தது. இந்தத் தொழிலைச் செய்யத் தகுதிச் சான்று வேண்டும் என்றது. பின்னர் பொதுச் சுகாதாரச் சட்டத்தொகுப்பில், பார்வை திருத்தும் வில்லைகளைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்பது தடை என்றும், 16 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு டொக்டரின் ஓர்டொனான்ஸ் இல்லாமல் அப்படிப்பட்ட வில்லை கொடுக்கக்கூடாது என்றும் எழுதி வைத்தார்கள். தட்டு வியாபாரியின் காலம் இப்படித்தான் முடிந்தது. நாம் "பழைய முறை" என்று நினைக்கும் மூலைக் கடை ஒப்டிசியன், இன்றைய வடிவில், எங்கள் அப்பப்பாவின் வயதுகூட இல்லாதவர்.

அந்தக் கடையின் வேலையை இன்னும் கடினமாக்கியவர் ஒரு பொறியியலாளர். பேர்னார் மெத்தனாஸ், ஆர்-ஏ-மெத்தியே கல்லூரியில் படித்தவர். தன் அப்பாவின் இரட்டை வில்லைக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தபோது, நடுவில் உள்ள கோடும், அதில் பார்வை துள்ளுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. கோடு இல்லாமல் மேலிருந்து கீழே சக்தி மெதுவாக மாறும் வில்லையை உருவாக்கினார். 1959இல் வரிலுக்ஸ் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. இன்றைய புரோகிரெசிவ் வில்லைகளுக்கு முன்னோடி அதுதான். அவர் வேலை செய்த நிறுவனம், 1849இல் பாரிஸ் கண்ணாடித் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கத்திலிருந்து வளர்ந்தது. 1972இல் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து எசிலோர் ஆனது.

புரோகிரெசிவ் வில்லையில் நடுவே ஒரு ஒடுங்கிய பாதை இருக்கிறது. மேலே தூரம், நடுவே மேசை தூரம், கீழே வாசிக்கும் தூரம். பாதைக்கு இரண்டு பக்கமும் மங்கல். கண்மணி அந்தப் பாதையின் சரியான இடத்தில் நிற்கவேண்டும். அதற்கு இரண்டு கண்மணிக்கும் இடையிலான தூரம் மட்டும் போதாது. அந்தப் பிரேம் அந்த மூக்கில் உட்காரும்போது கண்மணி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் வேண்டும். பிரேமை முகத்தில் மாட்டி, அந்த ஆள் எப்போதும் போல நிற்கும்போது எடுக்கும் அளவு அது.

வாசல் மறுபடி திறந்தது

2010இல் அமெரிக்காவில் நான்கு மாணவர்கள் வார்பி பார்க்கர் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 95 டொலருக்கு இணையத்தில் கண்ணாடி விற்றார்கள். ஐந்து பிரேமை வீட்டுக்கு அனுப்பினார்கள், போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பலாம். தட்டு வியாபாரி தபாலில் வந்த மாதிரி! அதே 2010இல் இந்தியாவில் லென்ஸ்கார்ட் தொடங்கியது. பிரான்ஸில் ஐரோப்பிய ஆணையத்தின் அழுத்தத்துக்குப் பிறகு, 2014 மார்ச் 17ஆம் தேதிய நுகர்வோர் சட்டம், அமோன் சட்டம் என்று சொல்வார்கள், இணைய விற்பனைக்குத் தெளிவான வழி திறந்தது. ஓர்டொனான்ஸ் வேண்டும், தகுதி பெற்ற ஒப்டிசியனிடம் ஆலோசனை கேட்க வசதி இருக்கவேண்டும் என்று நிபந்தனையும் வைத்தது.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. வார்பி பார்க்கர் 2013இல் நியூயோர்க்கில் கடை திறந்தது. லென்ஸ்கார்ட்டும் ஊர் ஊராகக் கடை திறந்தது. இணையத்தில் பிறந்தவர்களே ஏன் கடைக்குப் போனார்கள்? என் லாச்சிக்குள் கிடக்கும் கண்ணாடி அதற்கு ஒரு பதில் சொல்லும்.

நாலு மில்லிமீற்றர்

படியில் வழுக்கிய அடுத்த நாள், அப்பாவை எபினேயில் எங்கள் தெருவுக்குக் கிட்ட இருக்கும் ஒப்டிசியனிடம் கூட்டிப்போனேன். அந்தப் பெண் நான் வாங்கிய கண்ணாடியை அப்பாவுக்கு மாட்டி, எதிரே சமமான உயரத்தில் இருந்து, கண்மணி எங்கே நிற்கிறது என்று பேனையால் வில்லையில் ஒரு புள்ளி வைத்தார். பிறகு வில்லை செய்தவர்கள் எந்த இடத்தை நினைத்துச் செய்தார்கள் என்று தேடி இன்னொரு புள்ளி வைத்தார். இரண்டுக்கும் நடுவே 4 மில்லிமீற்றர்.

வாசிக்கும் பகுதி 4 மில்லிமீற்றர் மேலே ஏறியிருந்தது. தூரத்தைப் பார்க்க வேண்டுமானால் அப்பா நாடியைக் கீழே இறக்கவேண்டும். அதனால்தான் குனிந்து நடந்தார். படியைப் பார்க்கும்போது கண் வாசிக்கும் பகுதிக்குள் விழுந்தது. அதனால்தான் புகை. கணினி எடுத்த கண்மணி இடைவெளி சரி. உயரத்தை யாரும் எடுக்கவில்லை. படம் எடுத்தபோது அப்பா என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிமிர்ந்து நின்றார். பிரேம் அப்போது இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தது.

அவர் அப்பாவிடம் இன்னொன்றும் கேட்டார்: "நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?" சமையல் என்றதும், இப்போதும் மரக்கறி வெட்டுவீர்களா, எவ்வளவு தூரத்தில் பலகை இருக்கும் என்று கையால் காட்டச் சொன்னார். அந்தக் கேள்வி எந்தத் திரையிலும் எனக்கு வரவில்லை. மகனாக எனக்கும் தோன்றவில்லை.

காசுக் கதை அதைவிட வெட்கம். 2020 ஜனவரி முதல், மியுத்துவல் உள்ளவர்களுக்கு 100% சாந்தே என்ற ஏற்பாடு இருக்கிறது. 30 யூரோவுக்கு மேற்படாத பிரேம், அதற்கு உரிய வில்லை, கையிலிருந்து ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. ஒவ்வொரு ஒப்டிசியனும் அந்த வகையில் பெரியவர்களுக்குக் குறைந்தது 17 மாதிரி, சிறுவர்களுக்கு 10 மாதிரி வைத்திருக்க வேண்டும். அப்பா அதில் ஒரு கறுப்புப் பிரேமை எடுத்தார். நான் மிச்சம் பிடிக்க நினைத்துச் செலவழித்த காசு லாச்சிக்குள் இருக்கிறது.

அப்படியானால் இணையத்தில் வாங்கவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. உங்களுக்கு 20 வயது, சின்னக் கிட்டப்பார்வை, புது ஓர்டொனான்ஸ், இரண்டாவது கண்ணாடி ஒன்று வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். நீங்கள் இப்போது போட்டிருக்கும் கண்ணாடியின் காதுத் தண்டின் உள்பக்கம் பாருங்கள். 52, 18, 140 என்ற மாதிரி மூன்று எண் இருக்கும். வில்லையின் அகலம், மூக்குப் பாலத்தின் அகலம், தண்டின் நீளம், எல்லாம் மில்லிமீற்றரில். அதற்குக் கிட்டிய பிரேம் பொருந்த வாய்ப்பு அதிகம். பிரேம் மட்டும் வாங்கினால் 14 நாளில் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. உங்கள் கண்ணுக்கென்று வெட்டிய வில்லைக்கு அந்த உரிமை சட்டத்தில் இல்லை.

புரோகிரெசிவ் என்றால், சிறு பிள்ளைகளுக்கு என்றால், சக்தி கூடிய வில்லை என்றால், அளக்கிற ஆளிடம் நேரே போங்கள். அம்மா அப்பாவுக்கு நீங்கள்தான் இணையத்தில் வாங்கிக் கொடுப்பவர் என்றால், அவர்கள் "நல்லாயிருக்கு" என்று சொல்வதை உடனே நம்பாதீர்கள். படியில் இறங்கச் சொல்லிப் பாருங்கள்.

புதுக் கண்ணாடி வந்த அடுத்த கிழமை, அப்பாவோடு ஒரு அலுவலாக மெரிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் வேகமாக ஏதோ கேட்டார். நான் வழக்கம்போல மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அதற்கு முன்னமே அப்பா நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டார்.